தராசு செட்டிங்ஸ்: நோட்பேட் ஃபைலே போதுமா, விண்டோ போடணுமா?

மண்டபம்_மாப்ள:
மாமாவோட நண்டு கம்பெனிக்கு எடை போட்டு பில் அடிக்கிற சின்ன புரோகிராம் ஒண்ணு பைத்தான்ல எழுதிக் குடுத்தேன். தராசு எந்த போர்ட்டுல இருக்கு, பாட் ரேட்டு (தராசு டேட்டா அனுப்புற வேகம்), நண்டு ரேட்டு எல்லாம் ஒரே ஐஎன்ஐ ஃபைல்ல, அதாவது செட்டிங்ஸ் எழுதி வைக்கிற சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல. எனக்கு அதுதான் வசதி, திறந்தா மொத்தமும் கண்ணு முன்னாடி நிக்கும். போன வாரம் வள்ளம் வந்து கூடையெல்லாம் வரிசைல இருக்கு, தராசு பேசவே மாட்டேங்குது. யாரோ கூட்டுறப்ப கேபிளப் புடுங்கி பக்கத்து ஓட்டைல சொருகிட்டாங்க, விண்டோஸ் அந்தப் போர்ட்டுக்கு வைக்கிற நம்பர் காம் 3ல இருந்து காம் 5 ஆயிருச்சு. நான் ராம்நாடு பஸ்ல நின்னுக்கிட்டு "நோட்பேட்ல திறங்கக்கா, 3ஐ 5 ஆக்கி சேவ் குடுங்க"ங்குறேன், பில்லு போடுற அக்காவும் மாத்திட்டேங்குது, ஒண்ணும் அசையல. சாயங்காலம் போய்ப் பாத்தா ஃபைல் இருந்தது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்ல, விண்டோஸ் அங்க எழுத விடல, அக்கா டாக்குமெண்ட்ஸ்ல சேவ் பண்ணி வச்சுருக்கு. அன்னைக்கிப் பூரா பேனா பேப்பர்தான், மாமாகிட்ட வாங்குன ஏச்சு தனி. இப்ப ஃபைலே இருக்கட்டுமா, செட்டிங்ஸ் மாத்த தனியா ஒரு விண்டோ போடட்டுமா?

தொண்டி_டெக்:
விண்டோ போடு தம்பி. போர்ட்டு லிஸ்ட்டக் காட்டு, ஒண்ணத் தொட்டா முடிஞ்சது. நண்டு ஈரக் கையோட நிக்கிறவங்கள நோட்பேட் திறக்கச் சொல்றது பாவம்.

கீழக்கரை_காக்கா:
ஃபைல அவ்வளவு லேசா தூக்கிப் போட்றாதீங்க. நான் மூணு கடைக்குப் பாக்குறேன், ஒரு கடைல சரி பண்ண ஃபைல மத்த ரெண்டுக்கும் காப்பி பண்ணா வேலை முடிஞ்சுது, கிட்ல (ஃபைல்ல பண்ற மாத்தத்தப் பதிஞ்சு வைக்கிற சாஃப்ட்வேர்) போட்டா எவன் எப்ப என்ன மாத்துனான்னும் தெரியும். விண்டோன்னா போன்ல "மேல மூணாவது டேப், அதுக்குள்ள அட்வான்ஸ்டு"ன்னு கத்தணும். ஆனா யாம்ல்ங்கிற இன்னொரு வகை செட்டிங்ஸ் ஃபைல் பக்கம் மட்டும் போயிறாதீங்க, வரிய உள்தள்ள டேப் கீ அடிச்சா ஒத்துக்காது, நார்வேக்கு கோடு என்ஓன்னு எழுதுனா பழைய 1.1 வெர்ஷன் படி அத 'நோ'ன்னு படிச்சு பொய்யின்னு (ஃபால்ஸ்) எடுத்துக்கும்.

பாம்பன்_காத்து:
ரெண்டு பேரும் கேபிள விட்டுட்டீங்க. விலை கம்மி சிஎச்340 சிப் போட்ட யுஎஸ்பி கேபிள்ல பெரும்பாலும் சீரியல் நம்பரே இருக்காது, அதான் ஓட்டை மாறுனா விண்டோஸ் புதுசுன்னு நெனச்சு வேற காம் நம்பர் குடுக்குது. பைத்தானோட பைசீரியல் லைப்ரரில போர்ட்ட எல்லாம் பட்டியல் போடுற லிஸ்ட் போர்ட்ஸ் இருக்கு, வெண்டர் ஐடி (தயாரிச்ச கம்பெனி நம்பர்) பாத்து புரோகிராமே தேடிக்கட்டும், அக்காகிட்ட ஏன் கேக்கணும்? பாட் ரேட்டு தராசு மாத்துனாத்தான் மாறும், அது ஃபைல்ல கெடக்கட்டும், ஃபைல மட்டும் புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்கு மாத்தி எழுத பெர்மிஷன் குடுங்க. இன்னொண்ணு, விண்டோ வழியா அந்த ஐஎன்ஐய எழுத விட்டீங்கன்னா ஐஎன்ஐய படிச்சு எழுதுற பைத்தானோட கான்ஃபிக்பார்சர் நீங்க ஃபைல்ல போட்ட கமெண்ட் (குறிப்பு) பூராத்தையும் முழுங்கிரும், எனக்கு ஒருக்கா ஆச்சு, உப்புக்காத்துல போன மதர்போர்டுக்குக் கூட அவ்வளவு வருத்தப்படல.

மண்டபம்_மாப்ள:
நன்றிண்ணே, போர்ட்ட தானா தேடுற மாதிரி எழுதிட்டேன், ஓட்டை மாத்தி மாத்திச் சொருகிப் பாத்தாச்சு, புடிக்குது. அக்காகிட்ட வேற என்ன வேணும்னு கேட்டா "காம் கீம்லாம் நீ வச்சுக்க, நண்டு ரேட்டு ஒரு நாளைக்கு ரெண்டு தரம் மாறுது, அத மாத்த ஒரு பெரிய பெட்டி வையி"ங்குது. நான் அதையும் ஃபைல்லதான் வச்சுருந்தேன்.