ஈஸ் போட்டும் கை மிதக்கிறதே, எங்கே தப்பு?

கேள்வி:
2டி அனிமேஷன் கேரக்டர், விநாடிக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்). மேசைமேல் இருக்கும் கை எழுந்துபோய் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ள வேண்டும். மூன்று கீ (எந்த ஃபிரேமில் கை எங்கே இருக்க வேண்டும் என்று நாம் வைக்கும் குறி): மேசை, நெஞ்சருகே, முகம். லீனியரில், அதாவது ஒரே சீரான வேகத்தில், ரோபோ மாதிரி இருந்தது. மூன்றுக்கும் ஈஸி ஈஸ் (மெதுவாகப் புறப்பட்டு மெதுவாக நிற்க வைப்பது) போட்டால் தண்ணீருக்குள் அசைவது போல இருக்கிறது, நடுவில் ஒரு கணம் தயங்கவும் செய்கிறது. ஃபிரேமைக் குறைத்தால் சரியாகுமா?

பதில் 1:
குறைத்தால் சீக்கிரமாகத் தயங்கும், அவ்வளவுதான். நெஞ்சருகே கை நிற்பதில்லை, கடந்து போகிறது. அங்கேயும் ஈஸ் இருப்பதால் வேகம் பூஜ்யத்துக்கு இறங்கி மறுபடி ஏறுகிறது. அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்தால் நடுக் கீயில் கோடு படிக்கட்டு மாதிரி சமதளமாகத் தெரியும். அங்கே கோட்டின் சரிவை மாற்றும் பிடியான ஹேண்டிலைச் சாய்த்து, இருபுறமும் ஒரே சரிவில் ஓட விடுங்கள்.

மிதப்பு வேறு கதை. ஈஸி ஈஸில் வேகம் ஏறுவதும் இறங்குவதும் சரிபாதி. ஆள் அப்படி அசைவதில்லை. தோள் 8 ஃபிரேமில் 90 டிகிரி திரும்புகிறது என்று வையுங்கள். லீனியரில் ஃபிரேமுக்கு 11.25. அதை 5, 15, 24, 18, 12, 8, 5, 3 என்று பிரித்துப் பாருங்கள். அதே 90, அதே 8 ஃபிரேம்தான். ஆனால் மூன்றே ஃபிரேமில் கிட்டத்தட்ட பாதி தூரம் போய்விடுகிறது, மீதி ஐந்தில் நிதானமாக அடங்குகிறது.

பதில் 2:
தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றின் கீயும் ஒரே ஃபிரேமில் இருக்கின்றனவா? அப்படியென்றால் எந்த ஈஸும் காப்பாற்றாது. எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாக நிற்கும். முழங்கையை 1 ஃபிரேம், மணிக்கட்டை 2 ஃபிரேம் பின்னுக்குத் தள்ளுங்கள். கண்ணாடி நகரும் கீயையும் 2 தள்ள மறக்காதீர்கள், இல்லாவிட்டால் விரல் படுமுன்னே கண்ணாடி ஏறிவிடும்.

கேள்வி கேட்டவர்:
தயக்கம் போய்விட்டது, நன்றி. அடுத்து அதே கை மேசையில் ஓங்கி அறைய வேண்டும். இதே பிரிப்புதானா?

பதில் 1:
வேண்டாம், கை பஞ்சில் இறங்குகிற மாதிரி ஆகிவிடும். ஓங்கிய உச்சியில் மட்டும் ஈஸ். கீழே வரவர ஃபிரேமுக்கு ஃபிரேம் கை நகரும் இடைவெளி 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் விரிய வேண்டும்; மேசையில் படுவதற்கு முந்தைய இடைவெளிதான் ஆகப் பெரியது. படும் கீயில் வளைவு கூடாது, கோடு கூராக முறிய வேண்டும். உங்கள் மென்பொருள் ப்ளெண்டர் என்றால் கிராஃப் எடிட்டரில் அந்தக் கீயைத் தேர்ந்தெடுத்து, வி பட்டனை அழுத்தி ஹேண்டிலை ‘ஃப்ரீ’ ஆக்கினால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே திருப்பலாம்.