இறந்தவரின் மார்ஃபின் மாத்திரைகள் மீதி: பதிவேட்டில் எப்படி எழுதி முடிப்பது?

தக்கலை செவிலி:
தக்கலைப் பக்கம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பொறுப்புச் செவிலியாக இருக்கிறேன். திருவனந்தபுரத்தில் புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்கள் சிலர் எங்களிடம் வருவார்கள். அவர்களுக்குக் கடும் வலிக்கு எழுதிக்கொடுத்த மார்ஃபினும் கூடவே வரும். போன வாரம் ஒரு பெரியவர் காலமானார். 10 மி.கி. மாத்திரை பதினான்கு மீதி. குவைத்தில் இருக்கும் மகன் "தூக்கிப் போட்டுவிடுங்கள்" என்கிறார். நிர்வாகி, "பக்கத்து அறை அம்மாவுக்கும் அதே மாத்திரைதானே, அதில் சேர்த்துவிடு" என்கிறார். எனக்கு இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. இது போதாதென்று, மார்ஃபின் வரவு, செலவு, இருப்பு எழுதும் பதிவேட்டில் இரண்டு வரிகளில் யாரோ வொய்ட்னர் பூசித் திருத்தியிருக்கிறார்கள்.

கருங்கல் அக்கா:
மக்களே, இரண்டையும் செய்யாதே. நான் இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்தவள். அந்த மாத்திரை பெரியவர் பெயருக்கு வந்தது, இல்லத்தின் சரக்கு அல்ல. மார்ஃபினை இருப்பு வைத்து வழங்க அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனமாக இருக்க வேண்டும். முன்பு அதற்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும். அது இல்லாத இல்லம் ஒருவர் மீதியை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா என்று உன் நிர்வாகியிடம் நீயே கேள்.

மாத்திரை வழங்கிய மருத்துவமனை மருந்தகத்தைக் கூப்பிட்டுப் பேசி, அங்கேயே ஒப்படை. பதிவேட்டில் பெரியவருக்கான பக்கத்தில் தேதி, 14 என்று எண்ணாலும் எழுத்தாலும், கொடுத்தவர், சாட்சி, வாங்கியவர் என மூன்று கையெழுத்து, இருப்பு பூஜ்யம். அதன்பின் பக்கத்தை மூடு. ஒப்படைக்கும்வரை அது இரட்டைப் பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும், ஒவ்வொரு ஷிப்டிலும் எண்ணவும் வேண்டும். ஆள் போனதும் எண்ணிக்கையையும் நிறுத்திவிடுவார்கள். காணாமல் போவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

வொய்ட்னரைச் சுரண்டாதே. "இந்த வரி திருத்தப்பட்டிருப்பதை இன்று கண்டோம், எண்ணிப் பார்த்த இருப்பு இவ்வளவு" என்று கீழே எழுதி இருவர் கையெழுத்திடுங்கள். இங்கிலாந்தில் அந்தப் பதிவேட்டில் தவறான வரியை அடிக்கக்கூட விடமாட்டார்கள். ஓரத்தில் தேதியிட்டுக் குறிப்புதான் எழுத வேண்டும். தைத்த புத்தகமாக இருக்க வேண்டும், கிழித்தால் தெரியும்படி. நீயும் தனித் தாள்களில் எழுதுகிறாய் என்றால் அதை விட்டுவிடு.

கேட்காததையும் சொல்கிறேன். பதிவேடு, மாத்திரை அலமாரியைவிட்டு வெளியே வந்ததைச் சொல்கிறது. வாய்க்குப் போனதைச் சொல்வது நோயாளியின் மருந்து அட்டவணை. வாரம் ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். எடுத்ததாக இருந்து கொடுத்ததாக இல்லாத வரிகள் எல்லாம் ஒரே ஆளின் இரவுப் பணியில் வந்தால், பேச வேண்டியது யாரிடம் என்று தெரிந்துவிடும். இரண்டும் ஒத்துப்போய், நோயாளி மட்டும் வலியில் முனகிக்கொண்டே இருந்தால் அது இன்னும் மோசம். கொடுத்ததாக எழுதியது கொடுக்கப்படாமல் இருக்கலாம். மாத்திரை அட்டையை எண்ணும்போது பின்பக்கத் தகட்டையும் திருப்பிப் பார், கீறி வேறு மாத்திரை வைத்து ஒட்டுவார்கள். ஏழு நாளும் ஒரே மையில், ஒரே சாய்வில் எழுதிய பக்கத்தை நான் நம்பவே மாட்டேன்.

நம் மாவட்டத்துக்கென்று ஒன்று உண்டு. செவிலிப் பெண்கள் அனுபவச் சான்றிதழ் கையில் கிடைத்ததும் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். பிறகு அந்தக் கிறுக்கல் யாருடையது என்று யாருக்குத் தெரியும்? முதல் பக்கத்தில் பெயர், மாதிரிக் கையெழுத்து, சேர்ந்த தேதி, விலகிய தேதி எழுதி வை.

நாகர்கோவில் மருந்தாளுநர்:
அக்கா சொன்னது சரி. ஆனால் எல்லோரும் மார்ஃபினுக்கு மட்டும் பூட்டுப் போடுகிறார்கள். பதற்றத்துக்கான அல்பிரசோலம், தூக்கத்துக்கான சோல்பிடெம், வலிக்கான டிரமடால் திறந்த டப்பாவில் கிடக்கும். இவை எச்1 அட்டவணை மருந்துகள், அதாவது மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்று, தனிக் கணக்கு வைக்க வேண்டியவை. 2014 மார்ச் 1 முதல் நாங்கள் மருத்துவர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்கிறோம். டிரமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. இரவில் தொந்தரவு செய்யும் முதியவரைத் தூங்கவைக்க ஒரு மாத்திரை கூடுதலாகப் போவது இந்த டப்பாவிலிருந்துதான்.

தக்கலை செவிலி:
நன்றி அக்கா, நன்றி சார். மருந்தகத்தில் பேசிவிட்டேன், கொண்டுவரச் சொன்னார்கள். இன்னொன்று: ஒரு அம்மாவுக்கு வலிக்காக, தோலில் ஒட்டும் ஃபென்டனில் மருந்துப் பட்டை ஒட்டுகிறோம். வியர்வையில் கழன்றுவிடுகிறது. அதை எப்படிக் கணக்கில் காட்டுவது?

கருங்கல் அக்கா:
வழக்கமாக 72 மணி நேரத்துக்கு ஒரு பட்டை. எந்த இடத்தில் ஒட்டினாய் என்று எழுது. ஷிப்ட் மாறும்போது இருவரும் அங்கே தொட்டுப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். கழன்று விழுந்தது கிடைக்கவில்லை என்றால் படுக்கை விரிப்பு, சேலை மடிப்பு எல்லாம் தேடு, மருத்துவரிடம் சொல்லு, அதையும் எழுது. பயன்படுத்திய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும். பசைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, சாட்சியோடு பதிவு செய். குப்பைத்தொட்டியில் போட்டால் கூட்டுகிற அம்மாவின் பேரக்குழந்தை எடுக்கும். காய்ச்சல் வந்தால் தோல் வழியே மருந்து கூடுதலாக இறங்கும், அன்றைக்கு மூச்சை எண்ணி எழுது. பட்டை இருக்கும் இடத்தில் வெந்நீர்ப் பை வைக்க யாரையும் விடாதே.