பிச்சாவரத்தில் பார்த்த முகம்

கொள்ளிடக்கரை:
போன தை மாதம் சிதம்பரம் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போயிருந்தோம். இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம், பாதிப் பேர் போயிருப்பீர்கள். துடுப்புப் படகு ஒரு குறுகலான கால்வாய்க்குள் திரும்பியதும் சுரபுன்னைக் கிளைகள் மேலே மூடிக்கொண்டன. அங்கே கழுத்தளவு தண்ணீரில் ஒரு இருளர் அம்மா. இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் தேடிக்கொண்டிருந்தார். பனையோலைப் பையைப் பல்லில் கடித்திருந்தார். படகில் இருந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் போனைத் தூக்கினோம். அவர் முகத்தை வேர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லக்கூட அவரால் வாயைத் திறக்க முடியாது. படம் இன்னும் போனில் இருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை.

தில்லைக்காடு:
இதற்கு இவ்வளவு வருந்த வேண்டுமா? சுற்றுலா இடம் என்றால் படம் எடுக்கத்தான் செய்வார்கள். எனக்கு மறக்காதது வேறு. என் மாமா பையன் கையெட்டும் கிளையை ஒடித்தான், வெள்ளையாகப் பால் வடிந்தது. படகோட்டி அண்ணன் துடுப்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து, அவன் கையைத் தண்ணீருக்குள் அமுக்கித் தேய்த்தார். "கண்ணுல வச்சிடாத தம்பி, தில்லைப் பாலு!" சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த மரம்தான். பையன் ஊர் வந்து சேரும்வரை அந்தக் கையை மடியில் வைக்கவே இல்லை.

உப்பனாறு:
தில்லைக்காடு, நீங்கள் சொல்வது சரியில்லை. நமக்குச் சுற்றுலா, அந்த அம்மாவுக்கு அது வேலை. 2004 சுனாமியில் இந்தக் காடு முன்னால் நின்றதால் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்தது. அதற்கு முன்பே, பட்டுப்போன பகுதிகளில் மீன்முள் போலக் கால்வாய் வெட்டி, கடல் தண்ணீரை உள்ளே விட்டுக் கன்று நட்டார்கள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த காடு இது. அதில் கிளையை ஒடிக்கலாமா?

இனிப் போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள். துடுப்புப் படகே எடுங்கள், மோட்டார் படகு குறுகலான கால்வாய்க்குள் போகாது. தண்ணீர் வற்றியிருந்தால் சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர்கள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். வெண்கண்டல் மரத்தின் இலையைப் பறிக்காமல் தடவிப் பாருங்கள், உப்பு விரலில் ஒட்டும். நான் நக்கிப் பார்த்தேன், நல்ல கரிப்பு. பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஆளைப் படம் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

கொள்ளிடக்கரை, ஒன்று கேட்கலாமா? அந்த அம்மாவின் பையில் இறால் இருந்ததா?

கொள்ளிடக்கரை:
இப்போதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பை தட்டையாகத்தான் இருக்கிறது.