மூன்று மாதம் படித்துவிட்டு மாடி ஏறலாமா?

மதுரை வயர்மேன்:
ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்த மகனை, சோலார் பேனல் பொருத்தக் கற்றுத்தரும் சூரியமித்ரா பயிற்சிக்கு அனுப்பலாமா என்று ஒருவர் இங்கே கேட்டிருந்தார். 2015-இல் மத்திய அரசு தொடங்கியது, 600 மணி நேரம், அதாவது மூன்று மாதம், கட்டணம் கிடையாது. எனக்கு இந்தக் குறுகிய காலப் பயிற்சி எதிலுமே நம்பிக்கை இல்லை. மேஸ்திரியோடு போய்க் கற்றுக்கொள்வதுதான் சரி. போன மாதம் எங்கோ மூன்று மாதம் படித்துவிட்டு ஒரு தம்பி என்னிடம் வந்தான். பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைக் கட்டிங் பிளேயரால் நசுக்கிச் சொருகினான். இழுத்துப் பார்த்தேன், ஒயர் கையோடு வந்துவிட்டது. பத்துப் பேனல் சேர்ந்தால் 400 வோல்ட் டிசி, ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வீட்டு லைனில் வரும் ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொடும், அதனால் தீப்பொறி அணைய வழியுண்டு. டிசியில் தீப்பொறி பிடித்தால் விடாது. மாடியோடு போய்விடும்.

தென்காசி செல்வி:
அண்ணா, அவன் கையில் கனெக்டர் பின்னை ஒயரோடு இறுக்கும் கிரிம்பிங் டூல் இருந்ததா? ஐடிஐ-யில் இரண்டு வருடம் படித்தும் எனக்கு டிசி என்றால் மோட்டார்தான். எம்சி4 என்ற பெயரையே சூரியமித்ரா படித்த மூன்று மாதத்தில்தான் கேட்டேன். மேஸ்திரியோடு போய்க் கற்றுக்கொள் என்கிறீர்கள். பெண்பிள்ளையை எந்த மேஸ்திரி கூட்டிப் போகிறார்? சான்றிதழைக் காட்டித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

மதுரை வயர்மேன்:
சரிம்மா, டூல் என் பையில் இருந்தது. கொடுக்காதது என் தப்புதான். ஆனால் கேட்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லையே, அதுதான் என் பயம்.

கமுதிக்காரன்:
இருவரும் பயிற்சியைப் பேசுகிறீர்கள், வேலை எங்கே? எங்கள் ஊர்ப் பக்கம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எட்டே மாதத்தில் எழுந்தது, 2016-இல். 8,500 பேர் வேலை பார்த்ததாகச் சொன்னார்கள். முடிந்ததும் அத்தனை பேரும் கலைந்தார்கள். பேனல் துடைக்கக்கூட ரோபோதான்.

தென்காசி செல்வி:
பெரிய நிலையத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வீட்டு மாடியில் பேனல் வைக்க மத்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்த பிஎம் சூர்யா கர் திட்டம் ஒரு கோடி வீடுகளுக்கு, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பேனல் 25 வருடம் தாங்கும், டிசியை ஏசியாக்கும் இன்வெர்ட்டர் அவ்வளவு தாங்காது. போன வாரம் ஒரு வீட்டில் உற்பத்தி பாதியாகிவிட்டது. மேலே போனால் புறா எச்சம், பக்கத்தில் புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டியின் நிழல். இதற்கெல்லாம் உள்ளூரில் ஆள் வேண்டாமா?

மதுரை வயர்மேன்:
வேண்டும். அப்படியானால் பயிற்சியில் பாதி நாளை மாடியில் நடத்தட்டும், கூலியோடு. என்னிடம் இரண்டு பேரை அனுப்பினால் வைத்துக்கொள்கிறேன்.

தென்காசி செல்வி:
இரண்டு பெண்கள் தயாராக இருக்கிறார்கள் அண்ணா. சேஃப்டி பெல்ட்டும் ஆளுக்கொரு டூலும் உங்கள் பொறுப்பு.