செத்தவீட்டுக்குக் கண்ணன் வாற பிளேன் இன்னும் இறங்கேல்ல

ரஜி அக்கா: கண்ணன்ட பிளேன் நீர்கொழும்புக் கடலுக்கு மேல சுத்திக்கொண்டே நிக்குது. ஏதும் பிழையோ?

வாசன்: ஓம், மூண்டாம் சுத்து

செல்வி மாமி: முருகா

சின்ன மாமா: பயப்பிடாதேங்கோ, அது ஹோல்டிங், இறங்க முறை வருமட்டும் சுத்திக்கொண்டு நிக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில ஓடுபாதை ஒண்டுதான். ஏறுறதும் இறங்கிறதும் அதிலதான். இடிமுகில் நிண்டா இறங்க வாற பிளேனுகளை வழிநடத்திற அப்ரோச் கண்ட்ரோல் அதுகளை ஒண்டுக்கு மேல ஒண்டா, 1000 அடி இடைவெளியில நிப்பாட்டும். வளைஞ்சு திரும்ப 1 நிமிசம், நேர போக 1 நிமிசம், பிறகும் அப்பிடியே. சுத்துக்கு 4 நிமிசம். அடியில நிக்கிறது இறங்கப் போனாப் பிறகு, மேல உள்ளதுகள் படிப்படியா இறங்கும். கண்ணன்ட உயரம் என்ன?

ரஜி அக்கா: 9000 அடி

வாசன்: ஆகக் கீழ நிக்கிறது 6000

சின்ன மாமா: அப்ப நாலாவது.

குமார்: பந்தல்காரன் வந்தாச்சோ?

வாசன்: கதிரை மட்டும் வந்திருக்கு

செல்வி மாமி: எண்ணெய் காணுமே அதுக்கு?

சின்ன மாமா: மாற்று விமான நிலையத்துக்குப் போக எண்ணெய் இருக்கும், அதுக்கு மேல 30 நிமிசத்துக்கும் இருக்கும். அந்த 30இல கைவைக்க வேண்டி வந்தா விமானி மேடே பியூவல் எண்டு அவசர அழைப்புச் சொல்லுவார், உடன அவருக்குத்தான் வழி. பிந்திறதுக்குக் காரணம் வேற. பெரிய பிளேனின்ட செட்டை நுனியில சுழல்காத்து கிளம்பும். பெரிசுக்குப் பின்னால பெரிசு 4 கடல்மைல், ஏ320 மாதிரி நடுத்தரப் பிளேன் எண்டா 5. கிட்டப் போனா உருட்டிப்போடும். நடுவில ஒண்டு ஏறவேணுமெண்டா இன்னும் தள்ளவேணும்.

குமார்: திருகோணமலைச் சீனக்குடாவில இறக்கினா என்ன, வீட்டடி

சின்ன மாமா: அது விமானப்படைத் தளம். மாத்தினா தெற்கில இருக்கிற மத்தளை.

ரஜி அக்கா: மத்தளையோ!! வேன் கட்டுநாயக்கவிலயெல்லோ நிக்குது. ஆர் பிடிச்ச வேன்?

வாசன்: நான்தான். போன செத்தவீட்டின்ட அந்தியேட்டிக்கும் நான்தான் பிடிச்சனான், காசு இன்னும் வரேல்ல

செல்வி மாமி: பிரேதம் வீட்டில கிடக்கு, உதை இப்ப கதையாதேங்கோ

ரஜி அக்கா: நேர வருது!

சின்ன மாமா: அப்ப அப்ரோச் திசை குடுத்து ஐஎல்எஸ்ஸில, ஓடுபாதைக்கு வழிகாட்டிற ரேடியோக் கதிரில, விட்டிட்டுது. சரிவு 3 பாகை. 10 கடல்மைலில 3000 அடி சொச்சம் காட்டவேணும். இனி டவர் பாக்கும். முன்னால இறங்கினது ஓடுபாதையை விட்டு விலகாட்டி கண்ணன்ட பிளேன் திரும்ப மேல எழும்பும், அதுக்கும் பதறாதேங்கோ.

ரஜி அக்கா: 3200... 1500...

ரஜி அக்கா: இறங்கிட்டுது

வாசன்: 6.30க்கு வெளிக்கிட்டா ஹபரணை தாண்டி வீட்ட வர பகல் ஒரு மணி சொச்சமாகும்

குமார்: அப்ப பிரேதம் எடுக்கிறது 3 மணி எண்டு போடட்டோ?

செல்வி மாமி: ஐயர் 2க்கு முதல் எண்டவர்

ரஜி அக்கா: ஆர் அவரோட கதைக்கிறது?

வாசன்: மாமி கேட்டா ஓமெண்டுவார்