ரிவ்யூவை நம்பி ஆர்டர் போட்டேன், ஹெட்போனுக்குப் பதில் சாவிக்கொத்து வந்தது

கேள்வி:
விளம்பரம் ஒன்றைத் தட்டி ஒரு தளத்துக்குள் போனேன். ஹெட்போன், மற்ற இடங்களில் சொல்லும் விலையில் பாதிகூட இல்லை. கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது, ஆனால் கீழே நூற்றுக்கணக்கான ரிவ்யூ, அத்தனையும் ஐந்து நட்சத்திரம், முகவரியும் எச்டிடிபிஎஸ் என்றுதான் தொடங்கியது, சரி என்று கார்டில் பணம் கட்டிவிட்டேன். பார்சலைப் பிரித்தால் ஒரு சாவிக்கொத்து. சிரிக்காதீர்கள். புகார் சொன்னால் "டெலிவரி ஆகிவிட்டது" என்று திரும்பத் திரும்ப அதே பதில். பணம் திரும்பக் கிடைக்குமா? அப்புறம், அங்கே கணக்கு தொடங்கும்போது என் மெயிலுக்கு உள்ள அதே பாஸ்வேர்டைத்தான் கொடுத்தேன். அதனால் ஏதாவது ஆகுமா?

பதில் 1:
போகிற போக்கில் கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் ஹெட்போனைவிடப் பெரிய விஷயம். மெயில் ஒருவன் கையில் சிக்கினால், மற்ற கணக்குகளில் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று தட்டியே ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவான். முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

மாற்றியாயிற்றா? இனி எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) போடுங்கள், அப்படியே மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். வருகிற மெயிலின் நகல் தனக்கும் வரும்படி அங்கே ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த வரி தானாக அழியாது.

பதில் 2:
சாவிக்கொத்து தவறிப்போய் வந்ததில்லை. ஏதோ ஒன்றை அனுப்பினால்தான் டிராக்கிங் எண் கிடைக்கும், வங்கி கேட்டால் "இதோ, டெலிவரி ஆகிவிட்டதே" என்று காட்டலாம். அதனால் வங்கியில் புகார் கொடுக்கும்போது "பொருள் வரவில்லை" என்று எழுதிவிடாதீர்கள், அந்த டிராக்கிங் எண்ணை வைத்தே தள்ளுபடி செய்துவிடுவார்கள். "ஆர்டர் செய்தது வேறு, வந்தது வேறு" என்று எழுதுங்கள். பார்சல் லேபிளில் எடை போட்டிருந்தால் தெளிவாகப் படம் எடுங்கள், ஹெட்போன் அவ்வளவு லேசாக இருக்காது. தளத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்துவிடுங்கள், நாளை அந்தத் தளம் இருக்குமோ என்னவோ. புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். கார்டையும் முடக்கிவிட்டுப் புதிது கேளுங்கள்.

பதில் 3:
எச்டிடிபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான் அதற்குப் பொருள். எதிர்முனையில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாகவே தருகின்றன, மோசடிக்காரனும் சில நிமிடங்களில் வாங்கிவிடுவான். முகவரிக்குப் பக்கத்தில் வந்த பூட்டுப் படத்தை மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023-இல் அதை எடுத்துவிட்டு வேறு ஐகான் வைத்தது.

அப்புறம், விற்கிறவன் தன் சொந்தத் தளத்தில் போட்டிருக்கும் ரிவ்யூவை ரிவ்யூ என்றே நான் கணக்கில் எடுப்பதில்லை, அவனே எழுதலாம், பிடிக்காததை அவனே அழிக்கலாம். பெரிய தளங்களிலும் நான் மூன்று நட்சத்திரத்தைத்தான் முதலில் படிப்பேன், குறையும் நிறையும் கலந்து எழுதுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரே வாரத்தில் குவிந்த பாராட்டு, ஹெட்போன் பக்கத்தில் செருப்பைப் புகழும் ரிவ்யூ (பழைய பொருளின் பக்கத்தை அப்படியே புதுப் பொருளுக்கு மாற்றுகிறார்கள்), இதையெல்லாம் பார்த்தால் ஓடிவிடுவேன். ஹூயிஸ் என்ற பதிவுத் தேடலில் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், பதிவான தேதி தெரியும். போன மாதம் பிறந்த தளத்துக்குப் பல வருட வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

கேள்வி கேட்டவர்:
பாஸ்வேர்ட் மாற்றிவிட்டேன், வங்கியிலும் புகாரைப் பதிந்துகொண்டார்கள். இதற்கிடையில் இன்னொரு இடத்தில் என் கதையை எழுதியிருந்தேன், அதைப் பார்த்து ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். ஹேக்கராம், பணத்தை மீட்டுத் தருவாராம். இது நடக்குமா?

பதில் 2:
முன்பணம் கேட்டாரா?

கேள்வி கேட்டவர்:
கேட்டார். பிளாக் செய்துவிட்டேன்.