மறு: ரிஸ்க் செயலிக்கு ‘குறைந்த ஆணை’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> பணிநிலையக் கணினிகளின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். ரிஸ்க் செயலி அடிக்கடி வருகிறது. ‘குறைந்த ஆணைத்தொகுதிக் கணினி’ என்றே போட்டுவிடலாமா?

போடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். (RISC என்பது Reduced Instruction Set Computer என்பதன் சுருக்கம்; ஆணை என்பது செயலி எடுத்துச் செய்யும் ஒரு தனி instruction.) ஆனால் உங்கள் கட்டுரை 1990ஆம் ஆண்டை எட்டும்போது அந்தச் சொல் காலை வாரிவிடும். எப்படி என்று சொல்லக் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒலிபெயர்த்து ‘ரிஸ்க்’ என்றே விடலாம் என்று முந்தைய மடலில் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த ஒலி தமிழில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ‘சன் நிறுவனம் துணிந்து ரிஸ்க் செயலிக்கு மாறியது’ என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறுபடுத்திவிடுகிறது. நம் எழுத்தில் அந்த வசதி கிடையாது.

பணிநிலையம் என்பதை நான் தொடப்போவதில்லை. அலுவலகத்தில் ஒருவர் உட்காரும் மேசைக்கும் அதையே சொல்கிறார்கள் என்றாலும், ‘பணிநிலையக் கணினி’ என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது. எதை அப்படி அழைப்பது என்பதற்கு நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராஜ் ரெட்டியும் அவருடைய சகாக்களும் வைத்த ‘மூன்று எம்’ இலக்கு: ஒரு மெகாபைட் நினைவகம், பத்து லட்சம் படப்புள்ளிகள் கொண்ட திரை, நொடிக்குப் பத்து லட்சம் ஆணைகளை நிறைவேற்றும் செயலி. (ராஜ் ரெட்டி நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1994இல் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றார். கட்டுரையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.)

அந்த வேகம் புதியதல்ல. 1977இல் வந்த டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) நிறுவனத்தின் வாக்ஸ் 11/780 கணினி ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடியது. ஆனால் அது அலமாரி அலமாரியாக நிற்கும், பலர் முனையங்களில் உட்கார்ந்து அதன் நேரத்தைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். ஆளுக்கொரு கணினி, வரைகலைத் திரை, சுட்டி, ஈதர்நெட் எல்லாவற்றையும் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகம் 1973இலேயே ஆல்டோ என்ற பொறியில் செய்து காட்டிவிட்டது. அதை விலைகொடுத்து வாங்கத்தான் வழியில்லை. 1981இல் அப்பல்லோ கம்ப்யூட்டர் நிறுவனமும், 1982இல் தொடங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸும்தான் இந்த வகைக் கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தவை.

இரண்டுமே மோட்டோரோலா 68000 செயலியில் தொடங்கின. நம் சொல்லுக்கான சாவி அந்தச் செயலியின் ஒரு குறையில் இருக்கிறது.

மெய்நிகர் நினைவகம் (வட்டையும் சேர்த்து, இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டும் நினைவகம்) வேண்டுமென்றால், ஓர் ஆணை கேட்ட தரவு நினைவகத்தில் இல்லாதபோது அதை வட்டிலிருந்து கொண்டுவந்துவிட்டு, பாதியில் நின்ற அந்த ஆணையை மறுபடி ஓட்ட வேண்டும். 68000இல் ஒரே ஆணை நினைவகத்தை ஒருமுறைக்கு மேலும் தொடும், நடுவில் பதிவகத்தின் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) மதிப்பையும் மாற்றும். அது பாதியில் நின்றால் எதுவரை முடிந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அப்பல்லோ பொறியாளர்கள் ஒரு வேடிக்கையான வேலை செய்தார்கள்: டி.என்.100 பொறியில் இரண்டு 68000 செயலிகளை வைத்தார்கள். ஒன்று மாட்டிக்கொண்டு நின்றால், மற்றொன்று போய்த் தேவையான தரவைக் கொண்டுவந்து வைக்கும். பிறகு வந்த 68010 இந்தக் குறையைத் தீர்த்தது. தன் உள்நிலை முழுவதையும் நினைவகத்தில் அடுக்கு என்ற இடத்தில் கொட்டிவைத்துவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அதாவது ஓர் ஆணைக்குள் பல வேலைகளைத் திணித்தால், அதை நிறுத்தித் தொடங்குவதே பெரும்பாடு. ஏன் திணித்தார்கள்? நினைவகம் விலை உயர்ந்ததாகவும் மெதுவாகவும் இருந்த காலம் அது. நிரல் சுருக்கமாக இருந்தால் இரண்டும் மிச்சம். நிரலை ஆணைகளாக மாற்றித்தரும் நிரல்பெயர்ப்பிகளும் அவ்வளவு கெட்டிக்காரத்தனமானவை அல்ல. வாக்ஸில் பல்லுறுப்புக்கோவையைக் கணக்கிட ஒரே ஆணை இருந்தது, வரிசையில் ஓர் உறுப்பைச் செருக ஒரே ஆணை இருந்தது.

ஐபிஎம்மில் ஜான் காக் இதற்கு எதிர்த்திசையில் போனார். தொலைபேசி இணைப்பகம் ஒன்றைக் கட்டுப்படுத்தும் பொறிக்காக 1970களின் நடுவில் தொடங்கிய வேலை அது. ஆய்வகக் கட்டடத்தின் எண்ணே பெயராகி 801 ஆனது. சிக்கலான ஆணைகளை நிரல்பெயர்ப்பி பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை, அவற்றுக்காகச் செலவிடும் சுற்றுகள் மற்ற எல்லா ஆணைகளையும் மெதுவாக்குகின்றன என்பது அவர் கண்டது. பெர்க்லியில் டேவிட் பேட்டர்சனுக்கு இதே சந்தேகம் வேறு பாதையில் வந்தது. 1979இல் டெக்கில் சில மாதங்கள் வாக்ஸின் நுண்நிரலோடு (ஆணைகளைச் செயலிக்குள் நடத்தும் உள்நிரல்) மல்லுக்கட்டிவிட்டு வந்தவர் அவர். வாக்ஸில் அணிக் குறியெண்ணை (வரிசையாக வைத்த தரவில் ஓர் உறுப்பின் இடத்தை) கணக்கிடும் ஆணை ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு, அதே வேலையை அதே வாக்ஸின் எளிய ஆணைகளை வரிசையாக எழுதிச் செய்தால் வேகமாக முடிகிறது! அவருடைய மாணவர்கள் 1982இல் முடித்த ரிஸ்க்-1 சில்லில் 44,420 டிரான்சிஸ்டர்கள் மட்டுமே. ஆணைகள் முப்பது சொச்சம்.

இந்த முப்பது சொச்சத்தைப் பார்த்துத்தான் ‘குறைந்த ஆணை’ வந்தது. எண்ணிக்கைதான் இலக்கணம் என்றால், 1965இல் வந்த டெக் பி.டி.பி-8இல் அடிப்படை ஆணைகள் எட்டே எட்டு. 6502 செயலியில் 56. இரண்டையும் யாரும் ரிஸ்க் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அவற்றில் கூட்டல் ஆணையே நேராக நினைவகத்துக்குப் போய் எண்ணை எடுத்துவந்து கூட்டும். மறுபக்கம், 1990இல் ஐபிஎம் வெளியிட்ட ஆர்.எஸ்/6000 பணிநிலையத்தின் பவர் செயலியில் 180க்கு மேற்பட்ட ஆணைகள். பவர் என்ற சுருக்கப்பெயரின் விரிவிலேயே ‘மேம்படுத்திய ரிஸ்க்’ என்று இருக்கிறது. ‘180 ஆணைகள் கொண்ட குறைந்த ஆணைக் கணினி’ என்று எப்படி எழுதுவீர்கள்? காலை வாரும் என்று சொன்னது இதைத்தான்.

ரிஸ்க்கில் குறைத்தது ஒவ்வோர் ஆணையும் செய்யும் வேலையை. நினைவகத்தைத் தொட இரண்டே வகை ஆணைகள்: ஏற்று (பதிவகத்துக்குக் கொண்டுவா), இருத்து (நினைவகத்தில் வை). மீதி எல்லாம் பதிவகங்களுக்கு இடையில் மட்டும். எல்லா ஆணைகளும் ஒரே நீளம். பெரும்பாலானவை ஒரு கடிகாரச் சுழற்சிக்கு ஒன்று என்ற கணக்கில் வெளிவரும். சன் நிறுவனத்தின் ஆரம்பகால ஸ்பார்க் செயலிகளில் முழு எண்களைப் பெருக்கக்கூட ஆணை இல்லை, ‘பெருக்கலில் ஒரு படி’ என்ற ஆணை மட்டுமே. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: எளியாணைச் செயலி. அதன் எதிர்ப்பக்கம் நிற்கும் வாக்ஸ், 68000, இன்டெல் வகைகளுக்குக் கூட்டாணைச் செயலி. ‘சிக்கலாணை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது வசவு மாதிரி இருக்கிறது, அந்தச் செயலிகளை வடிவமைத்தவர்கள் சிக்கலை விரும்பிச் செய்யவில்லை.

அன்புடன்,
சென்னையிலிருந்து

—

மறு: மறு: ரிஸ்க் செயலி

ஐயா, வணக்கம்.

விளக்கம் நன்று. ஆனால் எளியாணை என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ளகரத்தையும் ணகரத்தையும் சரியாக உச்சரிக்காதவர் வாயில் எலியும் யானையும் ஒன்றாக வருகின்றன. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரித்து ஓய நேரமாகும்.

இலக்கணத்தில் குறை இல்லை. எளிமை ஈறு கெட்டு, யகர உடம்படுமெய் பெற்று எளியாணை ஆகும். ஆனால் சிற்றாணை, பேராணை என்று வைத்தால் சிற்றூர், பேரூர் போல அழகாக இணை சேர்கிறதே? சிறிய வேலை செய்வது சிற்றாணை என்று விளக்கிவிடலாம்.

— மதுரையிலிருந்து, தமிழாசிரியர்

—

மறு: மறு: மறு: ரிஸ்க் செயலி

வணக்கம். இரண்டு விசயம்.

ஒன்று, நாங்கள் யாழ்ப்பாணத்தில் படித்தது அறிவுறுத்தல் என்று. ஆணை என்பது எங்களுக்குக் கட்டளைக்குக் கிட்ட நிற்கும் சொல். ‘எளிய அறிவுறுத்தல்’ நீளம் என்பது எனக்கும் விளங்குது, அதனால் சண்டை பிடிக்கேல்லை.

இரண்டாவதுதான் முக்கியம். கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்து 1985இல் ஓடவைத்த ஆர்ம் செயலியைப் பாருங்கோ. ‘ஏக்கார்ன் ரிஸ்க் மெஷின்’ என்று பெயரிலேயே ரிஸ்க் இருக்கு. ஆனால் அதில் ஒரே ஆணை பல பதிவகங்களை ஒரே தடவையில் நினைவகத்திலிருந்து ஏற்றும். இது எந்த வகையில் எளியது?

—

மறு: மறு: மறு: மறு: ரிஸ்க் செயலி

ஆசிரியர் ஐயாவுக்கும் யாழ்ப்பாண நண்பருக்கும் நன்றி.

ஆர்ம் கேள்வி நியாயமானது. அந்தப் பன்முக ஏற்றம் கூட்டாணையின் சாயல் உடையதுதான். மலிவான நினைவகத்தின் முழு வேகத்தையும் உறிஞ்ச வேண்டும் என்று அதைத் தெரிந்தே வைத்தார்கள். ஆனால் பின்கதையையும் பாருங்கள்: 2011இல் அறிவித்த 64 பிட் ஆர்மில் அந்த ஆணைகளை எடுத்துவிட்டு, இரண்டு பதிவகங்களை ஏற்றும் ஆணையோடு நிறுத்திக்கொண்டார்கள். பழைய 68000 மாட்டிக்கொண்ட இடம்தான் இது. நடுவழியில் நின்றால் மறுபடி தொடங்குவது தொல்லை. எளியாணை என்ற பெயர் வைத்தால் ‘ஆர்மில் இது ஒரு விதிவிலக்கு’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ‘குறைந்த ஆணை’ என்றால் அங்கே ஒரு விதிவிலக்கு இருப்பதே வாசகருக்குத் தெரியாது.

சிற்றாணை எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. சிக்கல் நீளத்தில். ஸ்பார்க், மிப்ஸ் ஆகிய ரிஸ்க் செயலிகளில் ஒவ்வோர் ஆணையும் நான்கு பைட். இன்டெல் செயலியிலோ ஒரே பைட்டில் முடியும் ஆணைகள் உண்டு. நான்கு பைட்டைச் சிற்றாணை என்றும் ஒரு பைட்டைப் பேராணை என்றும் சொல்ல நேரும். தவிர, பேராணை என்றால் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது.

எலி, யானைக்கு என்ன செய்வது? ஓடும் உரைநடையில் ‘எளிய ஆணை’ என்று பிரித்தே எழுதலாம். கூட்டுச்சொல்லாக வரும்போது மட்டும் எளியாணைச் செயலி, எளியாணைக் கட்டமைப்பு. பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும், சொல் மறக்காது. இலங்கையில் ‘எளிய அறிவுறுத்தல்’ என்று எழுதினாலும் கருத்து ஒன்றுதான், ‘எளிய’ நிலைத்தால் போதும்.

கட்டுரையின் பிற்பகுதியில் இந்த இணை எப்படி உதவுகிறது என்று சோதித்துப் பார்த்தேன். 1987இல் சன் தன் 68020 பொறிகளுக்கு அடுத்து ஸ்பார்க் வைத்த சன்-4ஐ இறக்குகிறது. அதே ஆண்டில் சிலிக்கான் கிராஃபிக்ஸ், ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னஸி குழுவிலிருந்து பிறந்த மிப்ஸுக்கு மாறுகிறது, 1992இல் மிப்ஸ் நிறுவனத்தையே வாங்கிக்கொள்கிறது. 1989இல் வாக்ஸை உருவாக்கிய டெக்கே மிப்ஸ் செயலியில் டெக்ஸ்டேஷன் விற்கிறது, 1992இல் சொந்தமாக 64 பிட் ஆல்ஃபாவைக் கொண்டுவருகிறது. எச்.பி. 1986லேயே தன் பி.ஏ.-ரிஸ்க் வகையோடு புறப்பட்டாயிற்று. பணிநிலையக் கணினி உலகம் முழுவதும் எளியாணைக்குப் போய்விட்டது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்.

இதற்கப்புறம்தான் திருப்பம். 1995 இறுதியில் இன்டெல் வெளியிட்ட பென்டியம் புரோ, வெளியே பழைய கூட்டாணைகளை ஏற்றுக்கொண்டு, உள்ளே அவற்றை எளிய நுண்வினைகளாக உடைத்து ஓட்டியது. பழைய மென்பொருள் அப்படியே ஓடும், வேகமும் கிடைக்கும், விற்பனை எண்ணிக்கையால் விலையும் குறைவு. இந்த அடியிலிருந்து பெரும்பாலான பணிநிலைய நிறுவனங்கள் எழுந்திருக்கவில்லை. 1998இல் டெக்கை வாங்கிய காம்பாக் 2001இல் ஆல்ஃபாவைக் கைவிடுவதாக அறிவித்தது, சிலிக்கான் கிராஃபிக்ஸின் மிப்ஸ் பணிநிலையங்கள் 2006 இறுதியோடு நின்றன, சன் 2010இல் ஆரக்கிளிடம் போனது. ‘கூட்டாணைகளை உள்ளே எளியாணைகளாக உடைத்தது’ என்றால் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் புரியும். அதே இடத்தில் ‘குறைந்த ஆணைகளாக உடைத்தது’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள். உடைத்தால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும்?

ரிஸ்க்-5 மட்டும் விதிவிலக்கு. அது பெயர்ச்சொல், பெர்க்லியில் 2010இல் தொடங்கிய கட்டமைப்பின் சொந்தப் பெயர். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளைப் பற்றி எழுதும்போது ‘ரிஸ்க்-5 என்ற திறந்த எளியாணைக் கட்டமைப்பில் அமைந்தவை’ என்று எழுதினால் இரண்டும் அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

கட்டுரையாளருக்கு ஆட்சேபணை இல்லையென்றால் இதை நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்த சொல் காத்திருக்கிறது: மிப்ஸிலும் ஸ்பார்க்கிலும் தாவல் ஆணைக்கு (நிரலின் வேறிடத்துக்குப் போகச் சொல்வது) அடுத்து எழுதிய ஆணை, தாவல் நடப்பதற்கு முன்பே ஓடிவிடும். அந்த இடத்தைத் ‘தாமத இடைவெளி’ என்று ஒரு பாடக்குறிப்பில் பார்த்தேன். காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல் அங்கே ஒரு வேலையை நுழைப்பதற்குத்தான் அந்த ஏற்பாடே. ‘தாவலடுத்த இடம்’ வரை வந்திருக்கிறேன், சுருங்க மாட்டேன் என்கிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.